வெட்டி: மாமல்லபுரத்துக் கல்வேலையும் கணக்கில் வராத நேரமும்

1

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் உளிச்சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் காதில் விழுகிறது, உடனே 'பல்லவர் காலம் இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று புல்லரித்துப் போகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது அங்கே கேட்பதில் பாதிக்குமேல் உளிச்சத்தம் இல்லை. கல் அறுக்கிற மிஷினின் சத்தம். அதோடு சேர்ந்து வெள்ளையாக ஒரு தூசி எழும். சாயந்திரம் எங்களைப் பார்த்தால் யார் என்ன நிறம் என்றே தெரியாது. கல்தூசிக்கு அந்த ஒரு சமத்துவம் உண்டு.

ஒரு ராத்திரியைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆறடி அம்மன் சிலை. காலையில் லாரி ஏற வேண்டும், மூன்றாம் நாள் கும்பாபிஷேகம். மணி பதினொன்று. பல்பு வெளிச்சத்தில் நானும் இன்னொருவனும் விரல்களைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். அந்த ஆர்டர் ஸ்தபதி கைக்கு வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. குவாரிக்குப் பணம் கட்டுவதில் தாமதம்; கல் வந்தது இரண்டு மாசம் கழித்து. வந்த கல்லில் ஓட்டம் இருந்தது. திருப்பி அனுப்பி வேறு கல் வந்தபோது கையில் இருந்தது பத்தொன்பது நாள். கும்பாபிஷேகத் தேதி மாறாது, அது பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தது. கல்லும் வேகமாக வேலைக்கு இணங்காது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கக்கூடிய ஒரே பொருள் எங்கள் உடம்புதான். வளைந்து கொடுத்தோம். சிலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்தபதிக்கு அங்கே சால்வை போர்த்தினார்கள்.

இந்த மாதிரி ராத்திரி ஒன்று இரண்டு என்றால் யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள். ஒவ்வொரு ஆர்டரும் இப்படித்தான். சினிமா, நாடகம், அச்சகம், விளம்பரம் என்று 'கலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட தொழில் எதை எடுத்தாலும் இதே கதைதான். திட்டமிடுவது மோசம், கடைசி நேர ஓட்டம், தூக்கமில்லாத வேலை. கேட்டால் 'கலைஞர்கள் அப்படித்தான், அவர்களைக் கடிகாரத்தில் கட்ட முடியாது' என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சுபாவத்தின் பிரச்சினையாகத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக நடக்கிற ஒரு கோளாறு திருத்தப்படாமல் இருக்கிறது என்றால், அந்தக் கோளாறின் செலவு அதைச் செய்தவன் தலையில் விழவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியென்றால் யார் தலையில் விழுகிறது? எப்போதிருந்து விழுகிறது?

2

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி. அங்கே ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் ஸேமகன் என்று போகிறது வரிசை. இங்கே வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ராஜாக்களின் பட்டப்பெயர்கள் தூணுக்குத் தூண் நிறைந்திருக்கிற ஊரில், வேலை செய்தவன் பெயர் ஒதுக்குப்புறமான ஒரு பாறையிலாவது கிடைத்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதிலும் 'கொல்லன்' இருப்பது. கல்வேலை தெரிந்தவனுக்கு இது புரியும். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். உளி காய்ச்சித் தட்டிக் கொடுக்க உலைக்காரன் இல்லாவிட்டால் எந்தப் பெருந்தச்சனும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பாறையிலும் இல்லாதவர்கள் உண்டு. வெட்டின சில்லைக் கூடையில் அள்ளிக் கொட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கரி சுட்டவர்கள், முரட்டுப் பாறையை உடைத்து ஓரளவுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள். ஒரு மலையைக் குடைய இவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் வெட்டிக்கொள்ளத் தகுதி வாய்ந்த வேலை, பெயரே இல்லாத வேலை என்று ஏழாம் நூற்றாண்டிலேயே வேலை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

இதே ஊரில் இன்னொன்றையும் பார்க்கலாம். ரதங்களில் பலவும் குகைகள் சிலவும் பாதியில் நின்றுபோனவை. கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ராஜா மாறியிருக்கலாம், விருப்பம் மாறியிருக்கலாம். வரலாற்றாசிரியர்கள் இந்த அரைகுறைகளை வைத்து 'வேலை முறை'யைப் படிக்கிறார்கள். நல்லது. நான் அந்தக் கட்டங்களைப் பார்க்கிறபோது, யாரோ ஒருவன் முடிவை மாற்றிக்கொண்டதால் வீணாய்ப்போன நாட்களாகத்தான் அவை தெரிகின்றன. அந்த நாட்களுக்குக் கூலி கிடைத்ததா?

சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக 'வெட்டி' என்று ஒன்று வருகிறது. கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய உழைப்பு. 'அமஞ்சி' என்பதும் அந்த வகைதான். கோயிலுக்கும் ஏரிக்கும் ஊருக்கும் இந்த உழைப்பு போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு 'வெட்டி' என்றால் என்ன? 'வெட்டி வேலை', 'வெட்டிப்பய', 'வெட்டியா ஊர் சுத்துறான்'. சம்பளமில்லாத வேலையைக் குறித்த சொல் பயனில்லாத வேலையைக் குறிக்கிற சொல்லாகிவிட்டது. நம்மைச் சுரண்டினவன் பெயரில் வரவேண்டிய வசவு, சுரண்டப்பட்டவன் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. மயானத்தில் நிற்கிற நம் ஆளை இன்னும் 'வெட்டியான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

3

எங்கள் நைனா கல் உடைத்தது செங்கல்பட்டைச் சுற்றியிருந்த குவாரிகளில். அக்கா கல்யாணத்துக்கு எண்ணூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். அந்த எண்ணூறு ரூபாய் ஆறு வருஷம் கழித்தும் எண்ணூறாகவே இருந்தது, ஒரு தடவை ஆயிரத்து நூறாகவும் ஆயிற்று. தோட்டா, மருந்து, உடைந்த சம்மட்டிப் பிடி எல்லாம் அவர் கணக்கில்தான் ஏறும். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கரிக்கோடு என்று குடிசைச் சுவரில் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு தடவை மேஸ்திரி வீட்டுப் பக்கம் வந்தபோது கேட்டாள்:

"இன்னா மேஸ்திரி, செவுத்துல நூத்திப் பன்னண்டு கோடு கீது, நீங்க எம்பத்தாறு நாளுன்றீங்களே?"

"செவுத்துல கிறுக்குனதெல்லாம் கணக்காயிடுமா? நோட்டுல இன்னா கீதோ அதான்."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் இல்லை, குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்குக் கட்டுண்டு படியாளாகக் கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்துதான் 1892-ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதில் பிறந்தது. இதே மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அப்படிக் கொடுத்த நிலமும் கைமாறிப் போனது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியபோது, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள்.

கல்வேலையைப் பற்றிப் பேசும்போது நிலம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நிலமில்லாதவன்தான் அட்வான்ஸ் வாங்குகிறான். அட்வான்ஸ் வாங்கினவன் வேலை நேரத்தைப் பற்றிப் பேச முடியாது, வேறு இடத்துக்கும் போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995-ல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. ஓடிப்போக முடியாத ஆட்களை வைத்து வேலை வாங்குகிற முதலாளிக்கு நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

4

நைனா குவாரியில் உடைத்த கல்லை நான் பட்டறையில் பொளிந்தேன். ஒரு தலைமுறையில் இரண்டு படி ஏறினோம் என்று ஊரில் சொன்னார்கள். ஒருவகையில் நிஜம்தான்.

மாமல்லபுரத்தில் அரசாங்கம் 1957-ல் சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கியது. பின்னால் அது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பரம்பரையாகக் கம்மாளர் வீடுகளுக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த வித்தை, இடஒதுக்கீட்டு வழியாக நம் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கம்மாளர்களும் பிராமணர்களிடம் பட்டவர்கள்தான், பூணூலுக்கும் சடங்குக்கும் கோர்ட்டு வரைக்கும் போய் மல்லுக்கு நின்றவர்கள்தான். ஆனால் வித்தை பொதுவானது மாதிரி ஆர்டர் பொதுவாகவில்லை. கோயில் தர்மகர்த்தா தேடி வருவது பேர் பெற்ற ஸ்தபதியை. வெளிநாட்டுக்காரன் வருவதும் அவரிடம்தான். அவர் எடுத்து அதில் பாதியை இன்னொரு பட்டறைக்குக் காண்ட்ராக்ட் விடுவார். அவன் இன்னொருவனுக்கு விடுவான். கடைசியில் எங்களிடம் வருகிறபோது காசும் தேய்ந்திருக்கும், நாளும் தேய்ந்திருக்கும்.

இந்தச் சங்கிலியில் யார் தப்புச் செய்தாலும் அது கீழேதான் உருண்டு வரும். அளவு எழுதும்போது பீடத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்க மறந்தது மேலே இருப்பவர். ஒன்றரை அடி மறுபடி வெட்டியது நாங்கள். காண்ட்ராக்ட் வேலை என்பதால் மறுபடி வெட்டியதற்குக் கூலி கிடையாது. கல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால், 'நீதான் ஓங்கி அடிச்சிருப்ப' என்பார்கள். பிடித்தம். நாள்கூலிக்கு என்றால் ஒன்பது மணிக்கு வந்தவன் கல் வரவில்லை என்று பன்னிரண்டு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தாலும், அந்த மூன்று மணி நேரத்தை ராத்திரி ஈடுகட்ட வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவையாவது தன் தவறுக்குத் தான் காசு கொடுத்திருந்தால் ஸ்தபதி அடுத்த தடவை பீடத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். கொடுத்ததே இல்லை. அதனால் கற்றுக்கொள்ளவும் இல்லை. மோசமான நிர்வாகம் என்று நாம் சொல்கிறோம். அவருக்கு அது மலிவான நிர்வாகம்.

இத்தனைக்கும் அவர் கெட்ட மனுஷன் இல்லை. என் கையைப் பிடித்து மூக்கு நுனி எடுக்கக் கற்றுக் கொடுத்தவர். "டேய், மணி பாக்குறவன் கூலிக்காரன்டா. சிற்பி மணி பாக்க மாட்டான்" என்பார். அப்படிச் சொல்கிறபோது உச்சி குளிர்ந்துபோகும். கூலிக்காரன் மகனைச் சிற்பி என்கிறாரே! அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ ராத்திரி விழித்திருக்கிறேன். கூலி கேட்கிற நாளில் மட்டும் "ஒனக்கு இன்னாடா தெரியும், நீ கரடு தட்டுறவன்தான்" என்பார். நேரம் கேட்கும்போது சிற்பி, காசு கேட்கும்போது கரடு தட்டுகிறவன். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனிதர்களை மேல்கீழாகப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கினார். இரண்டையும் ஒரே ஆளின் மேல், ஒரே நாளில் எப்படிச் செய்வது என்பதைப் பட்டறையில் பார்த்தேன்.

5

இது சின்னப் பட்டறைகளின் கோளாறு, பெரிய இடத்தில் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கக்கூடாது. கன்னியாகுமரியில் நிற்கிற வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி வடித்தது. பீடத்தோடு 133 அடி. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொன்னவருக்கு எழுப்பிய சிலை என்பதால் எனக்கும் பிடித்த சிலைதான். 1979-ல் அடிக்கல். வேலை தொடங்கியது 1990-ல். பதினோரு வருஷம் கோப்பு தூங்கியது. தொடங்கிய வேலையும் பணமில்லாமல் நடுவில் தேங்கிப்போய், ஆட்சி மாறிய பிறகுதான் மறுபடி வேகம் பிடித்தது. 2000 ஜனவரி 1 அன்று திறப்பு விழா. கல்லை ஏற்றி நிறுத்துகிற கடைசிக் கட்டத்தில் சிற்பிகளும் கூலியாட்களும் மேற்பார்வையாளர்களுமாக 150 பேர் நாளைக்கு 16 மணி நேரம் உழைத்து 1999 அக்டோபரில் முடித்தார்கள் என்று பெருமையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த 16 மணி நேரம் எங்கிருந்து வந்தது? இருபது வருஷத் தாமதத்திலிருந்து வந்தது. அடிக்கல் நாட்டியவர்களும் நிதி ஒதுக்காதவர்களும் தாமதித்த வருஷங்களை, கடல் நடுவில் சாரத்தின் மேல் நின்றவர்கள் மணிக்கணக்கில் திருப்பிக் கட்டினார்கள். நாம் இதைத் தியாகம் என்கிறோம், தமிழ்ப்பற்று என்கிறோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் போன அடுத்த எட்டு மணி நேரத்துக்கு என்ன பெயர் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. சரியான பெயர் நம் கல்வெட்டிலேயே இருக்கிறது.

6

1997-ல் சென்னையில் சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் திரைப்படப் படைப்பாளிகள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கும் மோதல் வந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதற்குள் இங்கே போகவில்லை. எனக்குப் பட்டது அந்தச் சொற்கள்தான். ஒரே தளத்தில் நிற்கிறவர்களில் ஒருத்தர் 'படைப்பாளி', இன்னொருத்தர் 'தொழிலாளி'. ஒருத்தருக்குத் தோன்றுகிறது, இன்னொருத்தர் தூக்குகிறார். தோன்றுவது தாமதமானால் தூக்குகிறவன் ராத்திரி தங்க வேண்டும். 2020 பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லிக்கு அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு, இன்சூரன்ஸ் என்ற பேச்சே பெரிதாக எழுந்தது.

'கலை' என்ற சொல் செய்கிற வேலையை 'பக்தி' என்ற சொல் இன்னும் லேசாகச் செய்யும். 2021 மே மாதம் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் ராபின்ஸ்வில்லில் கட்டிக்கொண்டிருந்த சுவாமிநாராயண் கோயிலில் வேலை செய்த இந்தியக் கல்தொழிலாளர்கள், அவர்களில் பலர் தலித்துகள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். மத ஊழியர்களுக்கான விசாவில் தங்களைக் கூட்டிவந்து, வாரத்துக்கு 87 மணி நேரத்துக்கு மேல், மணிக்கு ஒன்றேகால் டாலருக்கும் குறைவான கூலிக்கு வேலை வாங்கினார்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டு. கோயில் தரப்பு மறுத்தது. அவர்கள் தொண்டர்கள் என்றது. பிறகு தொழிலாளர் சிலர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். குற்றவியல் விசாரணையும் 2025-ல் யார் மேலும் வழக்குப் போடாமல் முடிக்கப்பட்டது. உண்மை எது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் 'தொண்டர்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு ஸ்தபதியின் குரல் கேட்டது. சிற்பி மணி பார்க்க மாட்டான்.

7

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1946-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்க மசோதா கொண்டுவந்தார். அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்குகிற வேலையும் கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1948 தொழிற்சாலைச் சட்டம் பாய, மின்சாரம் இருந்தால் 10 ஆள், இல்லாவிட்டால் 20 ஆள் வேண்டியிருந்தது. பட்டறையில் ஆறு பேர், எட்டு பேர். ஒரே ஆர்டர் நாலு பட்டறையில் நடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு நாலு தனித் தீவு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அந்த எல்லையை 20, 40 என்று இன்னும் மேலே தூக்கிவிட்டது.

சட்டத்துக்கு வெளியே நிற்கிறவனின் நுரையீரலும் வெளியே நிற்கிறது. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஒரு தடவை நெஞ்சில் படிந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. எங்க அண்ணனுக்கு இருமல் வந்தபோது டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷம் தின்றான். என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ராஜஸ்தானில் கல்தொழிலாளர்கள் போராடி, 2019-ல் அரசாங்கம் சிலிக்கோசிஸுக்கென்று தனிக் கொள்கை அறிவித்து, சான்றிதழ் பெற்றவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிலைக்கு 2017-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். சிலை எந்த ஊரில் பிறந்தது என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறது. அண்ணன் எதனால் செத்தான் என்பதற்கு இல்லை.

கடைசியாக வேலை செய்த பட்டறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். எத்தனை மணிக்கு வந்தோம், கல் எப்போது வந்தது, எதற்காகக் காத்திருந்தோம், எது இரண்டாம் தடவை வெட்டியது, யார் சொன்ன அளவு. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மூன்று மாசம் கழித்துப் பார்த்தால், நாங்கள் ராத்திரி உழைத்த நேரமும் பகலில் கல்லுக்கும் அளவுக்கும் காத்துக் கிடந்த நேரமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. நோட்டை நீட்டியபோது முதலாளிக்கு வந்த கோபத்தை இதற்குமுன் நான் பார்த்ததில்லை. கூலி ஏத்திக் கேட்டபோதுகூட அவர் அவ்வளவு கோபப்பட்டதில்லை. எங்களில் இரண்டு பேரை நிறுத்தினார். அதில் நான் ஒருத்தன். ஆனால் அடுத்த ஆர்டரில் கல் முன்னாடியே வந்துவிட்டதாக உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள்.

பூஞ்சேரியில் அந்தப் பெயர்ப்பாறைக்கு அருகிலேயே இருளர்களும் நரிக்குறவர்களும் பட்டா இல்லாமல் கிடந்தார்கள். மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணை எழுப்பிவிட்டது 2021-ல் வெளியில் வந்து, அந்த நவம்பரில் முதலமைச்சரே அங்கே வந்து பட்டா கொடுத்தார். அந்தப் பெண் வாய் திறந்து பேசியிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

எங்கம்மா போட்ட கரிக்கோடுகள் அடுத்த மழைக்குச் சுவரோடு கரைந்துவிட்டன. பாறையில் வெட்டியிருந்தால் ஆய்வாளர்கள் வந்து படியெடுத்திருப்பார்கள். கலைத்தொழிலில் இருக்கிற தோழர்கள், அது கல்லோ சினிமாவோ அச்சோ, முதலில் நேரத்தை எழுதி வையுங்கள். நோட்டில் எழுதி, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள்.